மேல்காற்று விழுந்ததும் எழுந்த மான்கள்: ஒரு முந்திரித் தோப்பின் நிகழ்வு ஆய்வு

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவில் உள்ள ஓர் ஊரின் எல்லையில் இது நடந்தது. நான்கு வாரத்துக்குள் மூன்று புள்ளிமான்கள் செத்தன. மூன்றுமே பகலில். அதற்குக் காரணமான வேலியைப் போட்டதில் எனக்கும் பங்கு உண்டு. தோப்பு, காடு, கண்மாய் ஓரங்களில் வேலி போடவோ தண்ணீர்த் தொட்டி வைக்கவோ நினைக்கிறவர்களுக்குப் பயன்படும் என்று, நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம் என்று சம்பந்தப்பட்டவர்களோடு பேசி முடிவு செய்தோம்.

பின்னணி

தோப்பு பன்னிரண்டு ஏக்கர். சொந்தக்காரரான ஆச்சி சென்னையில் மகனோடு இருக்கிறார். வருடத்துக்கு இரண்டு முறை, முன்னோர் படைப்புக்கும் பொங்கலுக்கும், ஊருக்கு வருவார். எட்டு வருடமாகத் தோப்பை நான் பார்த்துக்கொள்கிறேன். பங்குனி, சித்திரையில் முந்திரிக்கொட்டை பொறுக்க ஆள் வரும். வைகாசியோடு அந்த வேலை முடிந்துவிடும். அப்புறம் ஐப்பசி மழை வரை தோப்புக்குள் மனித நடமாட்டமே குறைவு.

அந்த அமைதிக்காகத்தான் மான்கள் வந்தன என்று நினைக்கிறேன். பதினேழு முதல் இருபது வரை எண்ணியிருக்கிறேன். இரவில் சுற்றுவட்டாரக் கொல்லைகளில் மேயும். சீமைக்கருவேல நெற்றையும் பொறுக்கித் தின்னும். விடியுமுன் தோப்புக்குள் வந்து, வெயில் ஏற ஏற நிழலில் படுத்து அசைபோடும். இப்படியே பல வருடம் யாருக்கும் தொந்தரவில்லாமல் போனது.

போன ஆண்டு தை மாதம் ஆச்சி சொல்லி, தோப்பின் கிழக்குப் பாதியில் காலியாகக் கிடந்த இடத்தில் 140 கொய்யா, நெல்லிக் கன்றுகள் நட்டோம். சொட்டுநீர்க் குழாயும் போட்டோம். இரண்டே வாரத்தில் கொழுந்தெல்லாம் மொட்டையானது. பங்குனியில் கம்பி வலை வேலி போட்டோம். மான்கள் கிழக்கே தைலமரக் காட்டிலிருந்து வருகின்றன என்பதால் கிழக்கு எல்லை முழுக்கவும், வடக்கே திரும்பிப் பாதி தூரமும் அடைத்தோம். அதற்குள் பணம் தீர்ந்துவிட்டது. தென்கிழக்கு மூலையில் வண்டி வருவதற்காக விட்டிருந்த இருபதடி இடைவெளிக்கு கேட் போடுவதை அடுத்த வருடத்துக்குத் தள்ளி வைத்தோம்.

இடம் எப்படி இருக்கும்

மேற்கே கண்மாய்க் கரை. பத்தடி உயரம் இருக்கும். நம் பக்கத்தில் நிலம் கிழக்கே சரிவதால் பெரும்பாலான கண்மாய்களின் கரை கிழக்கில்தான் இருக்கும், இதுவும் அப்படியே. கரைக்கு அந்தப் பக்கம் கண்மாய் உள்வாய், அதாவது தண்ணீர் தேங்கும் பகுதி, அதையும் தாண்டினால் ஊர். ஆனி, ஆடியில் உள்வாய் காய்ந்து கிடக்கும். ஊர்ச்சனம் குறுக்கே நடந்து போகும், நாய்களும் போகும்.

கிழக்கே தைலமரக் காடும், அதன் ஓரத்தில் ஒடையும் சூரையும் மண்டிய புதரும். வடக்கே யாரோ ஒருவரின் தரிசு, அதில் ஒரு பழைய ஊருணி. தெற்கே தார்ச்சாலை, அதை ஒட்டி முள்வேலி. சாலை கரையைத் தொடும் தென்மேற்கு மூலையில், மடைக்குப் பக்கத்தில், கறிக்கடைக் கழிவு கொட்டும் இடம் ஒன்று இருந்தது. அங்கே பகலெல்லாம் ஏழெட்டு நாய்கள் கிடக்கும்.

திசைகளை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், கதை முழுக்க இந்தத் திசைகளில்தான் இருக்கிறது. ஒரு தாளில் கட்டம் போட்டு வைத்துக்கொண்டு மேலே படித்தால் எளிதாக இருக்கும்.

முதல் இரண்டு சாவுகள்

ஆனிக் கடைசி வாரம், மாலை ஐந்தேகால் மணி. தென்கிழக்கு மூலையில் சாலைக்குப் பாய்ந்த ஒரு பெண் மான் மீது சரக்கு வண்டி மோதியது. ஓட்டுநர் நின்று, ஆளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் போனார். புள்ளிமான் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் விலங்கு. செத்துக் கிடந்தாலும் நாம் கை வைக்கக் கூடாது. வனத்துறைக்குச் சொன்னோம். வந்து பார்த்து, கால்நடை மருத்துவர் பரிசோதித்ததும் புதைத்தார்கள். விபத்துதானே என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

ஆடி 6ஆம் தேதி இரண்டாவது. நாலரை மணிக்கு நாய் குரைக்கிற சத்தம் கேட்டு ஓடினேன். கொம்பில் இன்னும் தோல் உரியாத இளம் ஆண் மான், கிழக்கு வேலியின் தென்கோடியில் வலையில் முட்டி விழுந்து கிடந்தது. நாய்களை விரட்டினேன். உடம்பில் பெரிய காயம் இல்லை, பின்தொடையில் ஒரு பல்தடம் மட்டும். கண் திறந்திருந்தது. மூச்சு வாங்கி வாங்கி, பத்தே நிமிடத்தில் அடங்கிவிட்டது.

இவ்வளவு சின்னக் காயத்துக்கு எப்படிச் செத்தது என்று மருத்துவரிடம் கேட்டேன். உயிருக்குப் பயந்து எல்லை மீறி ஓடும்போது மானின் தசைகள் சிதைந்துபோகும், ரத்தத்தில் அமிலம் ஏறும், இதயம் நின்றுவிடும் என்று விளக்கினார். துரத்தி நிறுத்திய மான் சில மணி நேரமோ சில நாளோ கழித்துக்கூடச் சாகலாமாம். நாயை விரட்டிவிட்டோம், பிழைத்துக்கொண்டது என்று நாம் நினைக்கிற பல மான்கள் எங்கேயோ போய் விழுந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

தவறான முதல் முடிவு

இரண்டுமே ஒரே மூலை, ஏறக்குறைய ஒரே நேரம். சாலையின் தென்புறத்தில் ஒரு பண்ணைக்குட்டை இருக்கிறது. தண்ணீருக்காகத்தான் கடக்கின்றன என்று முடிவு கட்டினேன். வேறு யாரையும் கேட்கவில்லை, ஒரு நாள்கூட உட்கார்ந்து பார்க்கவும் இல்லை.

அதனால் ஆடி 9ஆம் தேதி, மான்கள் படுக்கும் கரையடிக்குப் பக்கத்திலேயே ஒரு சிமெண்டுத் தொட்டி வைத்தேன். தினமும் காலை பதினொரு மணிக்கு ஒரு ஆள் ஊரிலிருந்து கரை மேல் நடந்து வந்து குடத்தில் ஊற்றுவதாக ஏற்பாடு. மூன்றாவது நாளே கரையடியில் ஒரு மானும் இல்லை. தண்ணீர் அப்படியே இருந்தது, தேனீ மட்டும் மொய்த்தது. மான்கள் தெற்கே, சாலையோரப் புளியமரத்தடிக்குப் போய்விட்டிருந்தன.

ஆடி 17, பகல் பன்னிரண்டு மணி இருக்கும். புளியமரத்தடியிலிருந்து எதற்கோ மிரண்டு எழுந்த ஒரு பெண் மான் முள்வேலிச் சந்து வழியாகச் சாலையில் குதித்தது. டிராக்டர் டிரெய்லரில் அடிபட்டது. வயிற்றில் குட்டி இருந்தது என்று பரிசோதனையில் சொன்னார்கள். மான்களுக்கு நன்மை என்று நினைத்து நான் வைத்த தொட்டிதான் அவற்றைச் சாலையோரத்துக்குத் தள்ளியது. எதனால் தள்ளியது என்பது மட்டும் அப்போது எனக்குப் புரியவில்லை.

ஆட்டுக்கார ஐயா சொன்னது

அன்று மாலை மடைக்குப் பக்கத்தில் ஆடு மேய்க்கிற ஐயாவிடம் புலம்பினேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும் அவருக்கு. கண்மாய்க்குள் நாற்பது வருடமாக ஆடு ஓட்டுகிறவர். அவர் தொட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காற்றைப் பார்த்தார்.

“தம்பி, மேக்காத்து விழுந்துச்சுன்னா அதுக எந்திரிச்சிரும். ஆடியில எப்பவும் கரையடியிலதான் கெடக்கும், கெழக்காத்து வந்ததும் தைலங்காட்டுப் பக்கம் போயிரும். இப்ப நீங்க அங்கிட்டு அடைச்சு வச்சிருக்கீங்களே, எங்கிட்டு போகும்?”

மேற்கிலிருந்து அடிக்கிற மேல்காற்று நின்றதும் மான்கள் எழுந்துவிடும் என்கிறார். சரி, அதையும் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

ஒன்பது நாள் கவனிப்பு

முதலில் தொட்டியை எடுத்தேன். கரை மேல் யாரும் நடக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான்கு நாளில் மான்கள் பழைய இடத்துக்குத் திரும்பின. ஆடி 22 முதல் ஒன்பது நாள், காலை பத்து மணிக்குள் தோப்பின் வடகிழக்கில் இருந்த காவல் பரணில் ஏறிக்கொண்டு, பொழுது சாயும் வரை இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். மேல்காற்று அடிக்கிற நேரத்தில் என் வாடை கிழக்கே போய்விடும், மான்களை எட்டாது என்று கணக்குப் போட்டு அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். மாலையில் காற்று தென்கிழக்கிலிருந்து வரும்போதும் நான் அவற்றுக்குப் பக்கவாட்டில்தான் இருப்பேன். கையில் ஒரு பழைய பைனாகுலர், நோட்டு, ஒரு பை நிறைய எருக்கம் பஞ்சு.

எருக்கம் பஞ்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முற்றிய எருக்கங்காயைப் பிளந்தால் உள்ளே விதையோடு பட்டு மாதிரி பஞ்சு அடுக்கடுக்காக இருக்கும். ஒன்றை எடுத்து விரலை விட்டால் போதும், கன்னத்தில் உணர முடியாத காற்றுக்கும் அது நகரும். எந்தப் பக்கம் போகிறது என்பதோடு, எங்கே தயங்குகிறது, எங்கே சுற்றுகிறது என்றும் கண்ணால் பார்க்கலாம். மண்ணைத் தூவிப் பார்ப்பதைவிட இது எத்தனையோ மேல்.

மான்கள் இல்லாத இரவு நேரத்தில் கரை மேலிருந்து டார்ச் வெளிச்சத்தில் பஞ்சை விட்டுப் பார்த்தேன். மேல்காற்று கரையைத் தாண்டிக் குதித்ததும் கரையடியில் பஞ்சு முன்னே போகாமல் சுழன்று, சில நேரம் கரைப்பக்கமே திரும்பி வந்தது. கரையிலிருந்து நாற்பது தப்படி தள்ளிய பிறகுதான் ஒரே சீராகக் கிழக்கே போனது. மறுநாள் விடியுமுன் படுக்கைத் தடங்களைத் தேடினேன். கரையை ஒட்டி ஒன்றுகூட இல்லை. எல்லாமே நாற்பது தப்படிக்கு அப்பால், பஞ்சு சீராகப் போன இடத்தில்.

தடத்தைப் படிப்பது கடினமில்லை. முந்திரிச் சருகு விலகி, செம்மண்ணில் முட்டை வடிவில் ஓர் அழுத்தம். பின்புறம் அகன்றிருக்கும், முன்புறம் மடித்த முழங்கால் இரண்டும் குழியாகப் பதிந்திருக்கும். ஓரிரு வெள்ளை மயிர், சுற்றிலும் புழுக்கை. அன்று அளந்த பதினான்கு தடங்களில் பன்னிரண்டின் முழங்கால் குழி கிழக்கைப் பார்த்திருந்தது. முதுகு மேற்கே, காற்று வரும் பக்கம்.

இனி நோட்டில் உள்ளது. ஒன்பது நாளில் ஏழு நாள் மாலையில் காற்று மேற்கிலிருந்து தென்கிழக்குக்கு மாறியது. பெரும்பாலும் நான்கு மணியிலிருந்து ஐந்தேகால் மணிக்குள். ஏழு நாளும், மாறிய பத்து முதல் இருபத்தைந்து நிமிடத்துக்குள் மான்கள் எழுந்தன. இரண்டு நாள் வானம் மூடி, மேல்காற்று பொழுது சாயும் வரை விடாமல் அடித்தது. அந்த இரண்டு நாளும் ஆறரை மணி வரை ஒன்றும் எழவில்லை. எழுந்தபோதும் பதற்றமில்லாமல் நின்று சோம்பல் முறித்தன.

வெயில் தணிந்ததால் மேயத்தானே எழுகின்றன என்று வனக்காவலர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு ஆறாம் நாள் பதில் கிடைத்தது. அன்றைக்குக் கடற்காற்று இரண்டே முக்காலுக்கே வந்துவிட்டது. தலைக்கு மேல் வெயில் கொளுத்துகிறது. மூன்று மணிக்கு மான்கள் எல்லாம் எழுந்துவிட்டன.

எழுகிற விதத்தையும் சொல்கிறேன். வயதான பெண் மான் ஒன்று, இடது காது நுனி கிழிந்தது, எப்போதும் கூட்டத்தின் மேற்கு ஓரத்தில் படுக்கும். காற்று நின்றதும் அசைபோடுவதை நிறுத்திவிடும். தாடை அப்படியே நிற்கும். ஒரு காது முன்னே, ஒரு காது பின்னே. மூக்கை நாக்கால் ஒரு முறை நனைக்கும். தென்கிழக்கிலிருந்து முதல் வீச்சு வந்ததும் கழுத்தைத் திருப்பிக் கரையைப் பார்க்கும். அதற்குப் பிறகு ஒரு நிமிடம்கூட அது படுத்திருந்து நான் பார்த்ததில்லை. அது எழுந்தால் மற்றவையும் எழும்.

காரணம் என்ன

மான் படுத்திருக்கும்போது அதற்குக் காவல் மூன்று: கண், காது, மூக்கு. முதுகைக் காற்றுக்குக் கொடுத்துப் படுத்தால், பின்னாலிருந்து வருவதை மூக்கு சொல்லும், முன்னால் இருப்பதைக் கண் பார்த்துக்கொள்ளும். எங்கள் தோப்பில் மேல்காற்று இருக்கும் வரை, கரைக்கு அப்பால் உள்வாயில் நடக்கும் ஒவ்வொரு மனிதரின் வாடையும், மடைப்பக்க நாய்களின் வாடையும் கரையைத் தாண்டி மான்களின் மூக்குக்கு வந்துவிடும். பத்தடிக் கரை கண்ணை மறைத்தாலும் பாதகமில்லை. கடுங்காற்றில் சருகும் தைல இலையும் சலசலக்கும்போது காதை நம்ப முடியாது. அதனால்தான் கரை மறைவில் காற்று வேகம் குறைந்த இடமாகப் பார்த்துப் படுத்தன.

ஆடியில் பகல் முழுக்கத் தென்மேற்குப் பருவக்காற்று. நிலம் சூடேறச் சூடேறப் பாக் நீரிணைப் பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே நகர்ந்து, மாலையில் நம்மை எட்டும். அது வந்ததும் கணக்கு தலைகீழாகிறது. இப்போது மூக்கும் கிழக்கே, கண்ணும் கிழக்கே. முதுகுப்பக்கம் முழுக் குருடு. கரை மேல் ஏறி நிற்கும் வரை நாய் வருவது தெரியாது. அந்த இடத்தில் படுத்திருப்பது அதன் பிறகு மானுக்கு ஆபத்து.

வேலி இல்லாத காலத்தில் அவை காற்றை எதிர்த்து நேராகக் கிழக்கே நடந்து, தைலங்காட்டோரப் புதரில் போய் மேற்கைப் பார்த்துப் படுத்துக்கொள்ளும். நூற்றைம்பது தப்படிகூட இருக்காது, சத்தமில்லாத இடமாற்றம். நாங்கள் அந்தப் பாதையை மறித்துவிட்டோம். வேலியில் முட்டி, வடக்கே போனால் அங்கும் வேலி. தெற்கே திரும்பி வேலியை ஒட்டி நடந்தால் திறந்திருப்பது சாலையோர மூலை ஒன்றுதான். விடியுமுன் உள்ளே வருவதும் அதே மூலை வழியாகத்தான். ஆனால் அந்நேரம் வண்டியும் இல்லை, நாயும் ஊருக்குள் உறங்கும்.

மாலையில் இன்னொரு கேடும் சேர்ந்தது. இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. காற்று கிழக்கிலிருந்து வரும்போது தென்கிழக்கு மூலையில் நிற்கும் மானின் வாடை, சாலை நெடுகிலும் போய் நேராகக் கழிவுக்குழி நாய்களிடம் சேர்கிறது. நாய்களின் வாடையோ மானுக்கு வரவே வராது. பகலெல்லாம் நாய்கள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்து வைத்திருந்த மான், மிகத் தேவையான அந்த அரை மணி நேரத்தில் அதை இழந்துவிடுகிறது.

தொட்டி விஷயமும் விளங்கிவிட்டது. குடம் சுமந்து வந்தவர் கரை மேல், காற்று வரும் பக்கத்தில் நடந்தார். அவருடைய வாடை தினமும் பதினொரு மணிக்குப் படுக்கை மீது இறங்கியிருக்கிறது. இடத்தைக் காலி செய்துவிட்டன.

வேலியைப் பிரித்தது

ஆச்சியிடம் போனில் பேசினேன். “வேலி போட்டு அஞ்சு மாசம் ஆகலையேப்பா, அதுக்குள்ள பிரிக்கச் சொல்றியே” என்றார். கோபம் இல்லை, ஆதங்கம்தான். கன்றுக்கு என்ன வழி என்று கேட்டார், என்ன செலவு ஆகும் என்று கேட்டார். கடைசியில், வயிற்றில் குட்டியோடு செத்ததா என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஒரு நிபந்தனை போட்டார். அடுத்த பங்குனிக்குள் இருபது கன்றுக்கு மேல் போனால் மறுபடி அடைத்துவிட வேண்டும்.

வனத்துறையினரிடம் முன்கூட்டியே சொன்னோம். தீனி வைக்காதீர்கள், விரட்டிப் பழக்காதீர்கள், வழியை மட்டும் விடுங்கள் என்றார்கள்.

ஆவணி முதல் வாரம் கிழக்கு வேலியின் வடபாதியில் நாற்பதடி அகலத்தில் இரண்டு இடங்களைப் பிரித்தோம். சாலையிலிருந்து எட்டும் தூரத்துக்கு அப்பால், மான்களின் பழைய ஒற்றையடித் தடம் வேலியில் முட்டி நின்ற அதே இடங்கள் அவை. மற்றவர்கள் வேறிடம் சொன்னார்கள், வேலி நேராக இருக்கும் என்று. தடம்தான் முக்கியம் என்று நான் விடவில்லை. ஒவ்வொரு கன்றுக்கும் கூண்டு கட்டினோம். தென்கிழக்கு மூலைக்குச் சவுக்குக் கம்பும் பழைய வலையும் வைத்துத் தற்காலிகத் தட்டி போட்டோம். புளியமரத்தடி முள்வேலியில் இருந்த சந்து வழியையும் அடைத்தோம். பகல் பத்து முதல் ஆறு வரை கரை மேல் நடப்பதில்லை என்று தோப்பு ஆட்களிடம் பேசி வைத்தோம்.

கழிவுக்குழி எளிதாக முடியவில்லை. கடைக்காரர்களைக் குறை சொல்லவும் முடியாது, கொட்ட வேறு இடம் அவர்களுக்கு இல்லை. ஊர்க்கூட்டத்தில் பெரியவர் ஒருவர் வேட்டங்குடியை எடுத்துச் சொன்னார். திருப்பத்தூர் பக்கம் 1977இல் பறவைகள் சரணாலயம் ஆன கண்மாய் அது. வலசை வரும் பறவைகள் மிரளக் கூடாது என்று சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதையே விட்டவர்கள். நம்மால் ஒரு குழியை மாற்ற முடியாதா என்று கேட்டார். ஊருக்கு மேற்கே பள்ளம் தோண்டி, கொட்டியதும் மண் போட்டு மூடுவதாக ஒத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு நடந்தது

பிரித்த மூன்றாம் நாள் மாலை, காற்று மாறிய பதினெட்டாவது நிமிடம் காது கிழிந்த மான் வேலியோரம் வந்தது. தெற்கே திரும்பப் போன அதன் கால் பாதியில் நின்றது. இடைவெளியில் தலையை நீட்டி முகர்ந்தது. திரும்பிப் போய்விட்டது. மறுநாளும் அப்படியே. ஐந்தாம் நாள்தான் தாண்டியது, பின்னாலேயே பதினாறு மான்கள். அதிலிருந்து புரட்டாசி முடியும் வரை ஒரு சாவும் இல்லை. மடைப்பக்க நாய்கள் ஏழெட்டிலிருந்து இரண்டானது. அந்த இரண்டும் ஊர் வீட்டு நாய்கள்.

கன்றுகளில் பங்குனி வரை பதினொன்று போயின. அதில் நான்கு, கூண்டைச் சரியாகக் கட்டாததால். ஆச்சி ஏற்றுக்கொண்டார்.

வாடைக்காலத்தில் தவறியது

இத்தோடு முடிந்தது என்று நினைத்து நோட்டை மூடி வைத்துவிட்டேன். பெரிய தவறு அது. ஐப்பசியில் மழையோடு வாடைக்காற்று திரும்பியது. வடகிழக்கிலிருந்து நாள் முழுக்க ஒரே பக்கக் காற்று. மான்கள் கரையடியை விட்டு, தோப்பின் நடுவில் செம்புறாங்கல் வெட்டிய பழைய குழியின் தென்மேற்கு மேட்டுக்குப் போயின. முதுகு வடகிழக்கே, முகம் கரையையும் மடையையும் பார்த்து. தண்ணீர் தேங்காத மேடு, குழி விளிம்பில் மண்டிய செடி காற்றையும் சாரலையும் தடுத்தது. அவற்றின் கணக்கு சரிதான்.

தீபாவளி நெருக்கத்தில் கறிக்கடைகளில் கூட்டம். மேற்குப் பள்ளம் மழைநீரில் நிரம்பிவிட்டதால், கழிவை மறுபடி மடைப்பக்கம் கொட்டிவிட்டார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. கார்த்திகை இரண்டாம் வாரம் நாய்கள் தென்மேற்கிலிருந்து, காற்று போகிற பக்கத்திலிருந்து, முந்திரிக் கிளைகள் தரையைத் தொடும் மறைவில் நெருங்கி வந்து ஒரு குட்டியைப் பிடித்துவிட்டன. நாய்களின் வாடை மான்களுக்கு எட்டவில்லை. கண்ணால் பார்த்திருக்க வேண்டும், ஆனால் அறுவடைக்குப் பிறகு கவாத்து பண்ணாத அடிக்கிளைகள் பார்வையை மறைத்தன.

அந்த வாரமே அடிக்கிளைகளைத் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குக் கழித்தோம். கழிவுப் பள்ளத்துக்கு மேடான இடம் பார்த்தோம்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

வேலி போடுமுன் ஒரு முழு வருடம் பார்த்திருக்க வேண்டும். குறைந்தது ஆடி மேல்காற்று, அதன் மாலை மாற்றம், ஐப்பசி வாடை, பங்குனியின் அசைவற்ற காலை என்று நான்கு காலத்தில் படுக்கை எங்கே என்று குறித்திருந்தால் போதும். இரவுக் குளம்புத் தடத்தை மட்டும் வைத்து வேலி திட்டமிட்டோம். பகலில் மான் எங்கிருந்து எங்கே நகர்கிறது என்று யாருமே கேட்கவில்லை.

நீள வேலி போட்டு அடைப்பதைவிட, மான்களின் வழியைத் திறந்துவிட்டுக் கன்றுக்குக் கன்று கூண்டு கட்டியது மலிவாகவும் முடிந்தது. இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

தண்ணீர் வைப்பதானால், படுக்கைக்குக் காற்று வரும் பக்கத்தில் ஆள் நடக்காத மாதிரி வழி இருக்க வேண்டும். நம் ஊரில் அந்தப் பக்கம் வருடத்தில் இரண்டு முறை மாறுவதால், பகலில் ஆளே போகாமல் குழாயில் நிரப்புவதுதான் சரி. பொதுவாக வனத்துறையைக் கேட்காமல் தொட்டி வைக்கவே கூடாது என்பது இப்போது என் கருத்து.

இங்கே எழுதியது சமதளத்துக்குப் பொருந்தும். பிரான்மலை மாதிரி குன்று உள்ள இடத்தில் பகல் சூட்டில் காற்று சரிவில் மேலேறும், இரவுக் குளிரில் கீழிறங்கும். அங்கே மான் படுக்கும் கணக்கு வேறு, எங்கள் தோப்புக் கணக்கை அப்படியே கொண்டுபோக முடியாது.

ஆட்டுக்கார ஐயாவை முதல் நாளே கேட்டிருந்தால் ஆடி 17 நடந்திருக்காது. இதை அவரிடமே சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, கையில் இருந்த தொரட்டியால் ஒடை நெற்றை உலுக்கி ஆட்டுக்குப் போட்டார்.

இந்த ஆண்டு ஆனி கடைசியில் மறுபடி பரண் ஏறினேன். நாலு இருபதுக்கு எருக்கம் பஞ்சு கை மேலேயே ஒரு நொடி நின்று, வடமேற்காகத் திரும்பிப் போனது. நாலரைக்குக் காது கிழிந்த மான் எழுந்தது. வடக்குத் திறப்பில் நிற்காமல் போனது. கூடவே இந்த வருடத்துக் குட்டி ஒன்று, திறப்பில் கால் வைக்கத் தயங்கி, வேலிக்காலை முகர்ந்து பார்த்துவிட்டுத் துள்ளித் தாண்டியது.